நனைந்த உடம்பில் பாக்கெட் இல்லை: ஸ்பிளாஷின் சஃபாரியா, சோக் சிட்டியா?

நாங்கள் இருக்கும் ஊர் கொலம்பஸ். கரூரில் யாரிடம் சொன்னாலும் "ஓ, ஒஹாயோவா?" என்பார்கள். இல்லை, இது இண்டியானா கொலம்பஸ். டீசல் எஞ்சினை நம்பிப் பிழைக்கிற சின்ன ஊர். ஜூன் பிறந்துவிட்டால் இங்கே நம் ஆட்கள் வீடுகளில் இரண்டு விஷயம் சேர்ந்து நடக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளி மூடியிருக்கும். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்து இறங்கியிருப்பார்கள். ஆறு பேரையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு எங்கே போவது என்ற பேச்சு சனிக்கிழமை தோசைக்கல் பக்கத்தில் ஆரம்பித்து ஞாயிறு இரவு வரை ஓடும்.

போன கோடையில் அந்தப் பேச்சு இரண்டு இடங்களில் வந்து நின்றது. ஒன்று, ஒஹாயோவில் சின்சினாட்டிக்குப் பக்கத்து மேசனில் இருக்கும் கிங்ஸ் ஐலண்ட். அதற்குள் சோக் சிட்டி. இன்னொன்று, இண்டியானாவின் தென்கோடியில் சாண்டா கிளாஸ் என்ற ஊரில் இருக்கும் ஹாலிடே வேர்ல்ட்; அதற்குள் ஸ்பிளாஷின் சஃபாரி. ஊருக்கே சாண்டா கிளாஸ் என்றுதான் பெயர், விளையாட்டில்லை. இரண்டுமே பொழுதுபோக்குப் பூங்காவுக்குள் அடங்கிய வாட்டர் பார்க். வாசலில் ஒரே டிக்கெட். காலையில் ரோலர் கோஸ்டர், வெயில் ஏறியதும் தண்ணீர். மேசனுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம். சாண்டா கிளாஸுக்கு இரண்டேகால் மணிக்குக் கொஞ்சம் மேலே. நாங்கள் போனது தூரம் கூடுதலான இடத்துக்கு, அதுவும் ஒரே கோடையில் இரண்டு தடவை. கிங்ஸ் ஐலண்டுக்கு அதற்கு முந்தைய வருடங்களில் மூன்று முறை போயிருக்கிறோம். இந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

பொதுவானவற்றை முதலில் தள்ளிவிடுகிறேன். அலை வரும் குளம், டியூபில் மிதந்து சுற்றும் சோம்பல் ஆறு, சின்னப் பிள்ளைகளுக்கு முழங்கால் ஆழத் தண்ணீர், தலைக்கு மேல் கவிழும் பெரிய வாளி, விசில் வைத்த காவலர்கள், காசில்லாமல் தரும் லைஃப் ஜாக்கெட். இதெல்லாம் இரண்டிலும் உண்டு. ஒன்றில் அலை கொஞ்சம் பெரிது, இன்னொன்றில் ஆறு கொஞ்சம் நீளம் என்று அளந்து பார்ப்பதில் பிரயோசனம் இல்லை.

ரோலர் கோஸ்டர்தான் முக்கியம் என்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம், நேராக மேசனுக்குப் போங்கள். 1979-இல் வந்த பீஸ்ட் 7,361 அடி நீளம். மரத்தால் ஆன கோஸ்டர்களில் உலகிலேயே நீளமானது இன்றும் அதுதான். இருட்டிய பிறகு காட்டுக்குள் அது ஓடும்போது ஏறிப் பார்க்க வேண்டும். பான்ஷீ, டயமண்ட்பேக், 2020-இல் வந்த ஓரியன் என்று வரிசை பெரிது. ஹாலிடே வேர்ல்டிலும் ரேவன், லெஜண்ட், வாயேஜ் என்று மூன்று மரக் கோஸ்டர்கள் இருக்கின்றன. வாயேஜ் ஒரு மைலுக்கு மேல் ஓடும். இறங்கியதும் முதுகு நம்முடையதுதானா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும். ஆனாலும் எண்ணிக்கையில் கிங்ஸ் ஐலண்டை எட்ட முடியாது.

தண்ணீருக்கு வருவோம். இரண்டின் பிறப்பும் வேறு வேறு மாதிரி. அந்த வித்தியாசம் இன்றைக்கும் உள்ளே நடக்கும்போது காலில் தட்டுப்படுகிறது என்பது என் எண்ணம்.

கிங்ஸ் ஐலண்டே தண்ணீருக்குப் பயந்து இடம் மாறிய பூங்கா. சின்சினாட்டியில் ஒஹாயோ ஆற்றங்கரையில் கோனி ஐலண்ட் என்று ஒரு பழைய பூங்கா இருந்தது. ஆறு பொங்கும்போதெல்லாம் அது மூழ்கும். 1964 வெள்ளத்துக்குப் பிறகு, இனி கரையை நம்ப முடியாது, மேட்டுக்குப் போவோம் என்ற பேச்சு வலுத்தது. டாஃப்ட் பிராட்காஸ்டிங் என்ற ஒளிபரப்பு நிறுவனம் பணம் போட, 1972 ஏப்ரல் 29 அன்று மேசனில் கிங்ஸ் ஐலண்ட் திறந்தது. தண்ணீருக்குத் தப்பி வந்தவர்கள் தண்ணீரைத் திரும்பக் கூப்பிட 17 வருடம் ஆனது. 1989-இல் வாட்டர்வொர்க்ஸ் என்ற பெயரில் வாட்டர் பார்க் வந்தது. 2004-இல் ஆஸ்திரேலியச் சாயம் பூசி பூமராங் பே ஆனது. 2012-இல் சோக் சிட்டி. பூங்காவின் உரிமையும் இப்படித்தான் கை மாறியது: 1992-இல் பாரமவுண்ட், 2006-இல் சீடர் ஃபேர் என்ற பூங்காக் கம்பெனி, 2024-இல் சீடர் ஃபேரும் சிக்ஸ் ஃபிளாக்ஸும் ஒன்றாகி இப்போது அந்தக் குடும்பம். இது குறையென்று சொல்லவில்லை. பெரிய கம்பெனி கையில் இருப்பதால்தான் ஓரியன் மாதிரி ஒன்றை நிறுத்த முடிகிறது. ஆனால் வாட்டர் பார்க் என்பது அங்கே பெரிய வீட்டுக்குப் பின்னால் கட்டிய குளியலறை மாதிரி. வசதியாகவே இருக்கிறது, ஆனால் வீட்டின் பெருமை அதில் இல்லை.

ஒரு சின்ன விலகல். பழைய கோனி ஐலண்டில் 1925-இல் கட்டிய சன்லைட் பூல் என்று ஒரு நீச்சல் குளம் இருந்தது. 401 அடி நீளம், 200 அடி அகலம். குளம் என்பதைவிட ஏரி என்றே சொல்லலாம். கிங்ஸ் ஐலண்ட் வந்த பிறகும் அது ஊர்க்காரர்களுக்காகப் பிழைத்திருந்தது. 2023 முடிவில் இடம் கை மாறி மூடிவிட்டார்கள். நான் பார்த்ததில்லை. அலுவலகத்தில் கூட இருக்கும் சின்சினாட்டிக்காரர் ஒருவர் அதைப் பற்றிப் பேசும்போது, நம் ஊரில் தூர்ந்துபோன கிணற்றைப் பற்றிப் பெரியவர்கள் பேசுகிற அதே குரல்.

ஹாலிடே வேர்ல்ட் கதை வேறு. சாண்டா கிளாஸ் என்ற பெயர் அந்த ஊருக்கு 1850-களிலேயே வந்துவிட்டது. பெயரைப் பார்த்துக் குழந்தைகளைக் கூட்டி வருவார்கள். வந்து பார்த்தால் கிறிஸ்துமஸ் தாத்தாவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. எவன்ஸ்வில் நகரத்துத் தொழிலதிபர் லூயிஸ் கோக், ஒன்பது பிள்ளைகளின் அப்பா, ஓய்வு பெற்ற பிறகு இதைப் பார்த்து மனம் கேட்காமல் 1946 ஆகஸ்டில் சாண்டா கிளாஸ் லேண்ட் என்று ஒன்றைத் திறந்தார். டிஸ்னிலாந்துக்கு ஒன்பது வருடம் முன்பே. சில வருடம் வரை உள்ளே போக டிக்கெட்டே கிடையாது. 1984-இல் கிறிஸ்துமஸோடு ஹாலோவீன், ஜூலை நாலு என்று மற்றப் பண்டிகைகளும் சேர்ந்து ஹாலிடே வேர்ல்ட் ஆனது. 1993-இல் ஸ்பிளாஷின் சஃபாரி. முதல் வருடம் காங்கோ ரிவர் என்ற மிதக்கும் ஆறும் சில சறுக்குகளும்தான். அடுத்த வருடம் அலைக்குளம். அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் விட்டு ஒரு வருடம், கையில் காசு சேரச் சேர ஓர் அறை கட்டுகிற வீட்டுக்காரர் மாதிரி ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். 2001-இல் ஜூம்பாப்வே, மூடிய இருட்டுக் குழாய்ச் சறுக்கு. 2003-இல் ஜிங்கா, எட்டு மாடி உயரத்தில் புனல் வடிவத்தில். 2006-இல் பஹாரி என்ற இரண்டாவது அலைக்குளம். இன்றும் கோக் குடும்பத்திடம்தான் இருக்கிறது. சொந்தக்காரர்கள் இப்போது நான்காம் தலைமுறை.

தண்ணீரைப் பின்கட்டாக நினைக்காமல் முன்கட்டுக்குக் கொண்டு வந்தது 2010-இல் வில்டபீஸ்ட். சாதாரணச் சறுக்கில் படியேறி மேலே போய் உட்கார்ந்தால் கீழே விழுவோம், அவ்வளவுதான். இது வாட்டர் கோஸ்டர். விழுந்த படகு மறுபடி மேடேறும். எப்படி ஏறுகிறது? படகின் அடியில் உலோகத் தகடு பதித்திருக்கிறார்கள். பாதையின் அடியில் மின்காந்த மோட்டார்கள், சுற்றாமல் நீளவாக்கில் தள்ளுகிற வகை. படகு மேட்டுக்கு வரும்போது காந்தப்புலம் அதை முன்னால் உந்திவிடுகிறது. தண்ணீர் வழுக்குவதற்கு மட்டும், தூக்குவது மின்சாரம். மோட்டார் பிழைப்பில் இருப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் அதிகமாகவே ரசித்தேன்; பிள்ளைகளுக்கு விளக்கப் போனபோது அவர்கள் வரிசையில் நான்கு பேர் முன்னால் போய்விட்டிருந்தார்கள்.

வில்டபீஸ்ட் 1,710 அடி. திறந்தபோது உலகின் நீளமான வாட்டர் கோஸ்டர். இரண்டே வருடத்தில் அந்தச் சாதனையை முறித்தது பக்கத்திலேயே கட்டிய மாமத், 1,763 அடி. தம்பி அண்ணனைத் தாண்டிய கதை. 2020-இல் சீட்டா சேஸ் மூன்றாவதாக வந்தது. ஒரே வாட்டர் பார்க்கில் இந்த ரகத்தில் மூன்று. இந்த வேலைகளை முன்னின்று நடத்திய வில் கோக், லூயிஸின் பேரன், வில்டபீஸ்ட் திறந்த சில வாரங்களில், 2010 ஜூனில், 48 வயதில் இறந்துபோனார். மாமத்தை அவர் பார்க்கவில்லை.

மாமத் வட்டப் படகு. ஆறு பேர் முகத்தோடு முகம் பார்த்து உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் ஐந்து பேர் ஏறினோம், அப்பாவும் சேர்த்து. அவருக்கு அறுபத்தெட்டு. கட்டம் போட்ட நீச்சல் டிரவுசர், முந்தின நாள் கடையில் வாங்கியது, இடுப்புக் கயிற்றை மூன்று முடிச்சுப் போட்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டதால் எதிரில் இருப்பது யார் என்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது. பெல்ட் மேலே இழுத்துக்கொண்டு போகும்போது "என்னப்பா, சும்மா லிஃப்ட் மாதிரித்தான் போகுது" என்றார். படகு நுனிக்கு வந்ததும் சுற்றிக்கொண்டது. அவர் முதுகு கீழ்ப்பக்கம் வந்தது. முதல் சரிவில் பின்னோக்கி விழுந்தவர் அவர்தான். எங்கள் எல்லோருக்கும் அவர் முகம் தெரிந்தது, அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. கீழே இறங்கிப் படகு மறுபடி மேடேறியபோது அப்பா சொன்ன வார்த்தையை எழுத முடியாது. என் மகள் அதற்கு அர்த்தம் கேட்டு இரண்டு நாள் என்னைச் சுற்றினாள். இறங்கியதும் அவரே முதலில் வரிசையின் வாலைத் தேடிப் போனார்.

சோக் சிட்டியில் இந்தக் குடும்பப் படகுக் கணக்கில் பக்கத்தில் வருவது மாண்டோ மான்சூன் என்ற புனல் சறுக்கு. நன்றாகவே இருக்கும். ஜிங்காவும் அந்த வகைதான், எது பெரிது என்று எனக்குச் சண்டை போடத் தெரியாது. அலைப்பலகையில் நின்று பழக ஓர் இடம் அங்கே உண்டு. பதின்ம வயதுப் பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள். 2025-இல் குழந்தைகளுக்கு ஒரு புதுப் பகுதியும் ரிவர் ரேசர்ஸ் என்ற பந்தயச் சறுக்கும் சேர்த்திருக்கிறார்கள். நாங்கள் அதற்கு முன்பு போனவர்கள், அவற்றில் ஏறவில்லை. ஆகவே சறுக்குகளில் ஸ்பிளாஷின் சஃபாரி முன்னால் நிற்கிறது என்று நான் சொல்வதை அந்த அளவுக்குக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எங்களை இரண்டாவது தடவையும் தெற்கே ஓட்டிக்கொண்டு போக வைத்தது சறுக்கு இல்லை. பாக்கெட்.

யோசித்துப் பாருங்கள். ரோலர் கோஸ்டர் பூங்காவில் நாம் முழு உடையில் இருப்போம். பணப்பை இருக்கும், போன் இருக்கும். தாகம் எடுத்தால் கார்டை நீட்டி வாங்கிக் குடித்துவிட்டுப் போவோம். வாட்டர் பார்க்கில் நனைந்த உடம்பில் பாக்கெட் கிடையாது. எதற்குக் காசு வேண்டுமென்றாலும் லாக்கருக்கு நடக்க வேண்டும். சுடுகிற சிமெண்ட்டில், வெறுங்காலில், சொட்டச் சொட்ட. மகனுக்குத் தாகம் என்றால் ஒரு நடை. மகளுக்கு வெயில் கிரீம் மறுபடி தடவ வேண்டுமென்றால் இன்னொரு நடை. அதைவிடச் சுலபமான வழி ஒன்றை நம் குடும்பங்கள் தலைமுறையாகக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன: ஒருத்தரைச் சாமான் காவலுக்கு உட்கார வைப்பது. குற்றாலத்திலும் அதே, ஒகேனக்கல்லிலும் அதே. செருப்பு, துண்டு, பை, பர்ஸ், நடுவில் அம்மா. "நீங்க எல்லாம் போய்ட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்." அமெரிக்கா வந்தும் அம்மா அதே வேலையைத்தான் பார்த்தார். அதற்கு முந்தைய தடவை வந்திருந்தபோது, ஒரு மரத்தடி நாற்காலியில் பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை எங்கள் பையோடு உட்கார்ந்திருந்தார். நாங்களும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை என்பதுதான் வெட்கம்.

ஹாலிடே வேர்ல்டில் 2000-ஆம் வருடத்திலிருந்து குளிர்பானம் இலவசம். ஒரு கப், இரண்டு கப் இல்லை. நாள் முழுக்க, எத்தனை தடவை வேண்டுமானாலும். பூங்கா முழுவதும் ஆங்காங்கே பந்தல் போட்ட நிலையங்கள்; பக்கத்திலேயே கப் அடுக்கியிருக்கும், எடுத்து நாமே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். சோடா வகைகளோடு சர்க்கரை போடாத தேநீரும் ஐஸ் தண்ணீரும் உண்டு. அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் இது எங்களுக்கு முக்கியம். வெயில் கிரீம் இலவசம், பெரிய பம்ப் பாட்டிலில் வைத்திருப்பார்கள். மிதக்கும் டியூப் இலவசம். கார் நிறுத்த இலவசம். கிங்ஸ் ஐலண்டில் காருக்குத் தனிக் காசு, குடிப்பதற்குத் தனிக் காசு. நாள் முழுக்க நிரப்பிக்கொள்ளும் கப் வாங்கினால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். நாட்டில் பெரும்பாலான பூங்காக்களின் வழக்கம் அதுதான், அவர்கள் மட்டும் அப்படி என்றில்லை.

இதை வெறும் காசுக் கணக்காகப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. டிக்கெட்டில் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வாங்கியிருப்பார்கள், யாரும் தானம் செய்யவில்லை. ஆறு பேருக்குப் பார்க்கிங், குடிநீர் எல்லாம் சேர்த்துப் போட்டுப் பார்த்ததில் எங்களுக்கு மிச்சமானது ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவு. அதற்காக அரை மணி நேரம் கூடுதலாக ஓட்ட மாட்டேன். மாறியது வேறு. பணப்பை தேவைப்படாதபோது பை தேவையில்லை. பை இல்லாதபோது காவல் தேவையில்லை. கார் சாவி, போன்கள், அப்பாவின் கண்ணாடி எல்லாம் ஒரு சின்ன லாக்கரில். லாக்கருக்கு மட்டும் காசு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் பூட்டியதை மதியச் சாப்பாட்டுக்கு ஒரு தடவைதான் திறந்தோம்.

அம்மா காவலிலிருந்து விடுதலை. அது அவருக்கே முதலில் புரியவில்லை. "பையை யாரு பார்த்துக்கறது?" என்று கேட்டார். "எந்தப் பைங்கம்மா?" என்றேன். சுற்றிப் பார்த்தார். என் மனைவி அவருக்கென்று முழுக்கை வைத்த நீச்சல் உடுப்பு வாங்கி வைத்திருந்தாள், கணுக்கால் வரை கால்சட்டையோடு. அதைப் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வெளியே வரவே கால் மணி நேரம் ஆனது. வந்து பார்த்தால் அவரைத் திரும்பிப் பார்க்கக்கூட அங்கே யாருக்கும் நேரமில்லை. பஹாரி ரிவர் என்ற மிதக்கும் ஆற்றில் டியூபில் உட்கார வைத்து என் மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். முதல் சுற்றில் அம்மா இரண்டு கையாலும் டியூபை இறுக்கிப் பிடித்திருந்தார். இரண்டாவது சுற்றில் ஒரு கை தண்ணீரில். மூன்றாவது சுற்றில் நான் கரையில் நின்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. காது கேட்காத மாதிரி போய்க்கொண்டிருந்தார். அமராவதியில் தண்ணீர் ஓடிய காலத்தில், கல்யாணத்துக்கு முன்னால், தினமும் ஆற்றில் குளித்தவர் அவர். அதற்குப் பிறகு உடம்பு முழுக்க ஓடுகிற தண்ணீரில் இருந்தது இதுதான் என்றார், காரில் வரும்போது, யாரும் கேட்காமலே.

அப்பா அந்தப் பக்கம் இலவசத்தின் முழுப் பயனையும் அடைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு பந்தலிலும் ஒரு கப். "சும்மா தர்றானே, வேண்டாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" ஏழாவது கப்பில் மகள் எண்ணுவதை நிறுத்தினாள். விளைவு, திரும்பி வரும்போது லூயிவில்லுக்குள்ளேயே இரண்டு தடவை வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. இதையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சுத்தத்தைப் பற்றி ஒரு வரி. பூங்காத் துறைப் பத்திரிகை ஒன்று தரும் கோல்டன் டிக்கெட் விருதில் மிகச் சுத்தமான பூங்கா என்று ஹாலிடே வேர்ல்ட் பல வருடம் தொடர்ந்து வாங்கியது. உடை மாற்றும் அறையின் தரையைப் பார்த்தபோது, விருது சும்மா வரவில்லை என்று தெரிந்தது. ஈரத் தரையில் கூட்ட நாளில் வெறுங்காலோடு நிற்பவருக்குத்தான் இதன் அருமை புரியும்.

நனையாமல் உட்கார்ந்து பார்க்கிற பெரியவர்கள்தான் உங்களோடு வருகிறார்கள் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். கிங்ஸ் ஐலண்டில் நுழைந்ததும் நீரூற்று வரிசை, அதன் முடிவில் 314 அடி ஈஃபில் கோபுரம், பாரிஸில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. லிஃப்டில் மேலே போய்ச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பார்க்கலாம். அப்பாவுக்கு அது மிகவும் பிடித்தது. ஊரில் காட்டிய படங்களில் பாதி அங்கே எடுத்தவை. ஹாலிடே வேர்ல்டில் அப்படி நின்று பார்க்க ஒன்றும் இல்லை. மரமும் நிழலும்தான். ஆனால் வெளியே, சில மைல் தள்ளி, ஆபிரகாம் லிங்கன் வளர்ந்த இடம் இருக்கிறது. 1816-இல் ஏழு வயதில் வந்தவர் 21 வயது வரை அங்கேதான் இருந்தார். அவர் அம்மா நான்சியின் கல்லறையும் அங்கே. விஷச்செடி தின்ற மாட்டின் பாலால் வரும் நோயில் 1818-இல் இறந்தவர். லிங்கனுக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டாம் தடவை போனபோது காலையில் அங்கே இறங்கிவிட்டுப் போனோம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் அப்பா. அந்தக் கல்லறை முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பிள்ளைகளும் எதற்கென்று தெரியாமலே கழற்றினார்கள்.

நேரக் கணக்கு ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கொலம்பஸும் லூயிவில்லும் கிழக்கு நேரம். சாண்டா கிளாஸ் மத்திய நேரம், ஒரு மணி பின்னால். காலையில் இது வரம். ஏழரைக்குக் கிளம்பி இரண்டரை மணி நேரம் ஓட்டினாலும் அங்கே ஒன்பதுதான். வாசல் திறக்கும் முன்பே வரிசையில் முதல் ஆளாக நிற்கலாம். முதல் தடவை அப்பா கைக்கடிகாரத்தைக் காட்டி, "மணி பத்தாச்சு, இன்னும் திறக்கலையா?" என்று வாசல்காரப் பெண்ணிடம் கேட்டுவிட்டார். அவள் தினமும் பத்துப் பேருக்காவது இதைச் சொல்கிறவள் போல, சிரித்துக்கொண்டே விளக்கினாள். மாலையில் அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிப் பிடுங்கிக்கொள்வார்கள். இருட்டுவதற்குள் தண்ணீர்ப் பகுதி மூடிவிடும். அங்கிருந்து கிளம்பி வீடு சேரும்போது பதினொன்றை நெருங்கும். மறுநாள் வேலை இருந்தால் கஷ்டம்தான். கிங்ஸ் ஐலண்டில் தண்ணீர் மூடிய பிறகும் பூங்கா இரவு வரை ஓடும், வீடும் பக்கம். இந்த ஒரு விஷயத்தில் மேசன் பக்கம்தான் என் ஓட்டு.

சாப்பாடு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். பீட்ஸா, பர்கர், உருளை வறுவல்; சைவம் என்றால் பீட்ஸாவும் வறுவலும், மறுநாளும் பீட்ஸாவும் வறுவலும். புளியோதரையையும் தயிர்சாதத்தையும் ஐஸ் பெட்டியில் காரிலேயே வைத்துவிட்டு, மதியம் கையில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்து சாப்பிட்டோம். கார் நிறுத்துவது ஓசி என்பதால் வண்டியை எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்று நினைக்காதீர்கள். ஆறு பேர் நனைந்த உடையோடு கார் வரை நடப்பது சின்ன விஷயமில்லை. காலையில் சீக்கிரம் போய் நிழல் பார்த்து விடுங்கள்.

சீசன் பாஸ் விஷயத்தில் என் பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டாம். நாங்கள் இரண்டு இடத்திலும் ஒருநாள் டிக்கெட்டில் போனவர்கள். மேசனிலேயே நம் ஆட்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களில் பலர் கிங்ஸ் ஐலண்ட் பாஸ் எடுத்துவிட்டு, வேலை முடிந்து பிள்ளைகளை இரண்டு மணி நேரம் தண்ணீரில் விட்டுக் கூட்டி வருகிறார்கள். பத்து நிமிடத் தூரத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்பினால் என் பாக்கெட் தத்துவம் அங்கே செல்லாது. லூயிவில்லில் கென்டக்கி கிங்டம் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அதன் வாட்டர் பார்க் ஹரிகேன் பே. இரண்டு தடவையும் அந்த ஊரைக் கடந்து போனோம், அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் பழக்கம்.

போகிறவர்கள் மே கடைசி வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். வெயில் இருந்தாலும் தண்ணீர் பல்லைக் கிட்டும். ஜூலையில் செவ்வாய், புதன் நல்லது. இடி இடித்தால் எல்லாச் சறுக்கையும் நிறுத்தி எல்லோரையும் கரையேற்றிவிடுவார்கள், அது எந்தப் பூங்காவானாலும் சரி. எங்களுக்கு ஒரு தடவை முக்கால் மணி நேரம் அப்படிப் போனது. பந்தலடியில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றோம். அப்பா கையில் கப். அம்மா மட்டும் ஆற்றங்கரையை விட்டு வரவே இல்லை. டியூபை இடுப்பில் சாய்த்துப் பிடித்தபடி, எப்போது மறுபடி இறங்க விடுவார்கள் என்று அந்த விசில்காரப் பையனையே பார்த்துக்கொண்டு நின்றார்.